பவுடர் டின்னும் வெற்றிலைப் பையும்

பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் போயிருந்தோம். கடைசி லயத்து வாசலில் ஓர் அம்மாள் நின்று கொண்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முப்பது வருஷம் பால்மரம் சீவிய கை. அந்தக் கை அப்போது இரண்டு பவுடர் டின்களைக் கவிழ்த்துக் குப்பையில் கொட்டிக் கொண்டிருந்தது.

"ஏம்மா, நல்ல பவுடரைக் கொட்டுறீங்க?" என்று கேட்டோம்.

"நல்ல பவுடரா? நீங்க ஒண்ணு! பவுடரு போட்டா புத்துநோய் வருமாம்யா. மக கோலாலம்பூர்லேருந்து போனுல அனுப்பியிருக்கா. நான் போட்டுக்கிட்டது போகட்டும். பேத்திக்கு ஒடம்பு பூரா பூசி விட்டேனே, அதுக்கு ஏதும் ஆயிடுமாய்யா?"

கேட்கும்போதே அந்த அம்மாளின் குரல் தழுதழுத்தது. நாம் திண்ணையில் உட்கார்ந்தோம். மருமகப் பெண் தேநீர் கொண்டு வந்து வைத்தது. அம்மாள் தம் குவளையைத் தொடாமல் ஆறவிட்டார். "சூடா குடிச்சா வாயி எரியுது, கொஞ்ச நாளா அப்படித்தான்" என்றார். சொல்லிக் கொண்டே இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஒரு கிள்ளு புகையிலையும் வைத்து மடித்து வாயில் அதக்கிக் கொண்டார்.

அந்தப் பவுடர் டின்னையும் இந்தச் சுருக்குப் பையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அப்போதே நமக்குத் தோன்றியது. இந்த வாரக் கட்டுரை பிறந்த கதை இதுதான்.

பவுடரில் என்ன இருக்கிறது?

முகப் பவுடர், பிள்ளைப் பவுடர் என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை 'டால்க்' என்ற கல்லை அரைத்த மாவுதான். மாக்கல் வகையைச் சேர்ந்த அந்தக் கல்லைப் பூமியிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். வியர்வையை உறிஞ்சும், வழவழப்பாக இருக்கும். அதனால்தான் அதற்கு இத்தனை மவுசு.

அந்தக் கல் கிடைக்கிற இடத்திலேயே ஆஸ்பெஸ்டாஸ் என்ற இன்னொரு கல்லும் கிடைப்பதுண்டு. ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் உண்டாக்கும். இதில் மருத்துவ உலகில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெட்டி எடுக்கும்போது இரண்டும் கலந்துவிட்டால் பவுடரும் நஞ்சாகும். முதல் பயம் இதிலிருந்து வந்தது.

இரண்டாவது பயம் பெண்களைப் பற்றியது. வியர்வைக்காகவும் வாடைக்காகவும் மறைவிடத்தில் பவுடர் போடுகிற பழக்கம் பல நாடுகளிலும் உண்டு. 1982ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் டேனியல் கிரேமரும் அவருடைய குழுவினரும், அப்படிப் போட்ட பெண்களிடையே சினைப்பைப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். சர்ச்சை அன்று தொடங்கியது.

அதன்பிறகு அமெரிக்காவில் ஆயிரக் கணக்கான பெண்கள் வழக்குப் போட்டார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி டால்க் கலந்த பிள்ளைப் பவுடரை அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பதில்லை என்று 2020 மே மாதத்தில் அறிவித்தது. 2023ல் உலகம் முழுவதும் அதை நிறுத்திவிட்டுச் சோளமாவுக்கு மாறியது. தன் பவுடர் பாதுகாப்பானதே என்பதுதான் வழக்குகளில் அந்தக் கம்பெனியின் வாதம்.

பிறகு 2024 ஜூலையில் வந்த செய்திதான் நம் தோட்டத்து லயம் வரைக்கும் எட்டியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் இருக்கிறது. அங்கே 13 நாடுகளைச் சேர்ந்த 29 விஞ்ஞானிகள் கூடி, டால்க்கை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தார்கள்.

பட்டியல் சொல்வது எது, சொல்லாதது எது

இங்கேதான் நம் மக்கள் தடுமாறுகிறார்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டது, ஆகவே தொட்டால் நோய் என்று எடுத்துக் கொள்கிறார்கள். பட்டியல் அப்படிச் சொல்லவில்லை.

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த மூத்தவர்களுக்கு ஸ்டோரில் பால் நிறுத்தது ஞாபகம் இருக்கும். வாளி நிறையப் பால் கொண்டு போனாலும் கிராணி அப்படியே எழுதிக் கொள்ள மாட்டார். மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டு, அதில் உண்மையான ரப்பர் எத்தனை பங்கு, தண்ணீர் எத்தனை பங்கு என்று பார்த்த பிறகுதான் கணக்கு ஏறும். மழை நாளில் வாளி நிறைந்திருக்கும்; ரப்பர் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

லியோன் நிலையத்தின் பட்டியல் "இது பால்தானா?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. ஒரு பொருளால் புற்றுநோய் வருமா என்பதற்குச் சாட்சி எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதே அதன் கணக்கு. எத்தனை பேருக்கு வரும், எவ்வளவு போட்டால் வரும் என்பது அதில் இல்லை. அதே 2ஏ பிரிவில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியும் இருக்கின்றன (2015). 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமும் இருக்கிறது (2016). இரவு வேலையும் இருக்கிறது. மூன்றும் ஒரே எடை என்று யாராவது சொல்வார்களா?

டால்க் விஷயத்தில் மனிதரிடம் கிடைத்த சாட்சி குறைவுதான் என்று அந்த நிலையமே சொல்லியிருக்கிறது. விலங்குகளிடம் நடத்திய சோதனைகளும், உடலின் அணுக்களில் டால்க் செய்கிற மாற்றங்களும் சேர்ந்துதான் அதை 2ஏ பிரிவுக்குக் கொண்டு போயின.

எடை போட்டுப் பார்த்தவர்கள்

இனி எடைக்கு வருவோம். 2020 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. நான்கு தனித்தனி ஆய்வுகளைச் சேர்த்து ஏறக்குறைய 2,50,000 பெண்களைக் கணக்கில் எடுத்திருந்தார்கள். அவர்களைச் சுமார் 11 வருஷம் பின்தொடர்ந்ததில் 2,168 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தது.

மறைவிடத்தில் பவுடர் போடாத பெண்கள் ஒரு லட்சம் பேரை எடுத்துக் கொண்டால், ஒரு வருஷத்தில் 55 பேருக்கு அந்த நோய் வந்தது. போட்ட பெண்கள் ஒரு லட்சம் பேரில் 61 பேருக்கு வந்தது. லட்சத்துக்கு ஆறு பேர் வித்தியாசம். இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். கருப்பை எடுக்கப்படாமலும் கருக்குழாய் கட்டப்படாமலும் இருந்த பெண்களிடம் மட்டும் வித்தியாசம் சற்றுக் கூடத் தெரிந்தது.

2024 மே மாதத்தில் அமெரிக்காவிலேயே 50,000 பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய இன்னோர் ஆய்வு வந்தது. நோய் வந்த பிறகு "எதனால் வந்திருக்கும்?" என்று யோசிப்பவர்களுக்குப் பழைய பழக்கமெல்லாம் கூடுதலாக ஞாபகம் வரும் அல்லவா? அந்தக் குறையையும் கழித்துப் பார்த்தபோதும் தொடர்பு இருக்கவே செய்தது என்பது அந்த ஆய்வின் முடிவு.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் என்ன நிற்கிறது? மறைவிடத்தில் பவுடர் போட வேண்டாம். அதில் மருத்துவ நன்மை ஒன்றும் கிடையாது. நன்மை இல்லாத இடத்தில் சிறு ஆபத்தையும் ஏன் வாங்க வேண்டும்? பிள்ளைக்குப் பூசுவதையும் விட்டுவிடலாம். புற்றுநோயைவிட அதற்குப் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. டின்னைத் தட்டும்போது கிளம்பும் தூள் பச்சைப் பிள்ளையின் மூச்சுக் குழாயில் போய் அடைத்துக் கொள்ளும். குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவது இது.

முகத்துக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, தூள் பறக்காமல் பூசிக் கொள்ளுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பவுடரைத் தொட வேண்டாம். இதுவரை போட்டவர்கள் இரவெல்லாம் தூங்காமல் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை. இப்படித்தான் அந்த அம்மாளிடமும் சொன்னோம். "பேத்திக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இனிமே பூசாதீங்க, அது போதும்." அம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அலமாரியில் இன்னும் என்னென்ன?

பேச்சு அங்கேயே நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேகம்.

"அக்குள்ல உருட்டுற ரோலான் போட்டா மார்புல புத்து வருமாமே?" என்றது ஒரு பெண். இதையும் எடை போட்டிருக்கிறார்கள். 2002ல் அமெரிக்காவில் மார்புப் புற்றுநோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை. இந்த வாளியில் வெறும் தண்ணீர்தான்.

"எங்க வீட்டுக்காரர் மாசா மாசம் தலைக்கு மை அடிக்கிறாரே?" என்றார் இன்னொருவர். தலைமைக்கு லியோன் நிலையம் இரண்டு பதில் வைத்திருக்கிறது. நாள் முழுக்க அந்த மருந்துகளோடு பழகும் முடிதிருத்துவோரின் தொழிலை 2ஏ பிரிவிலும், தம் தலைக்குத் தாமே போட்டுக் கொள்வதை "முடிவு சொல்லச் சாட்சி போதாது" என்ற 3ஆம் பிரிவிலும் 2010ல் வெளியான அறிக்கையில் வைத்தார்கள். ஒரே மைதான். மாதம் ஒருமுறை தொடுபவனும் தினம் பத்துத் தலைக்குத் தடவுபவனும் ஒன்றில்லை. அளவும் காலமும்தான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன.

மூன்றாவதாக ஓர் இளம்பெண் கூச்சத்தோடு ஒரு சிறு டப்பாவைக் காட்டியது. முகம் வெளுக்கிற கிரீம். பசார் மாலாமில் வாங்கியதாம். டப்பாவில் செய்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை. "ஒரு வாரத்துலேயே வெள்ளையாயிட்டேன் அங்கிள்" என்றது.

ஒரு வாரத்தில் வெளுக்கிறது என்றாலே நாம் சந்தேகப்பட வேண்டும். இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் கீழுள்ள என்.பி.ஆர்.ஏ. என்ற தேசிய மருந்தக ஒழுங்குமுறை அலுவலகம் மறுபடியும் மறுபடியும் கண்டுபிடித்து, பெயர் வெளியிட்டு, விற்பனைக்குத் தடை போட்டு வருகிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். தாயின் கையிலிருந்தும் முகத்திலிருந்தும் பிள்ளைக்கும் ஒட்டும்.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பாதரசம் புற்றுநோய்ப் பட்டியலில் எங்கே இருக்கிறது தெரியுமா? சாட்சி போதாத அந்த 3ஆம் பிரிவில்! பட்டியலை மட்டும் படித்தவர் டால்க் பவுடரைக் கொட்டிவிட்டுப் பாதரசக் கிரீமைப் பத்திரமாக வைத்துக் கொள்வார். புற்றுநோய் ஒன்றைத் தவிர வேறு நோயே உலகத்தில் இல்லையா?

நம் நாட்டில் சட்டப்படி விற்கும் ஒப்பனைப் பொருள் ஒவ்வொன்றும் என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிக்கப்பட்டு எண் பெற்றிருக்க வேண்டும். பொருளின் பெயரைக் கொடுத்து அந்த அலுவலகத்தின் இணையத் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணும் நம் முன்னாலேயே தேடியது. பெயர் வரவில்லை. பவுடர் கிடந்த குப்பையிலேயே அந்த டப்பாவும் விழுந்தது.

பவுடரும் புல் மருந்தும்

பாட்டாளிகளுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேட் மருந்தையும் லியோன் நிலையம் 2015 மார்ச்சில் இதே 2ஏ பிரிவில் சேர்த்தது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அதை ஏற்கவில்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பில்லை என்றது. நிபுணர்கள் சண்டை அவர்களோடு இருக்கட்டும். பவுடரை ஒரு சிட்டிகை பூசுகிறோம். மருந்தையோ முதுகில் பம்பு நிறையச் சுமந்து, மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் அடிக்கிறோம். சட்டை நனைகிறது, கை நனைகிறது.

மெட்ரோலாக்கை விட வேண்டிய வாளி எது என்று நீங்களே சொல்லுங்கள். கையுறையும் முகமூடியும் பூட்சும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. கேட்டு வாங்குங்கள். கிழிந்தால் மறுபடி கேளுங்கள். மருந்து அடித்த கையால் சாப்பிடாதீர்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

சுருக்குப் பை

எல்லாரும் கலைந்து போன பிறகு மறுபடி அந்த அம்மாளிடம் திரும்பினோம். வெற்றிலை வாயிலேயே இருந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. எத்தனை வருஷமா போடுறீங்க?"

"அதுவா? வயசுக்கு வந்த நாள்லேருந்து. எங்காத்தா போட்டாங்க, நானும் போடுறேன். காலையில மரம் வெட்டப் போனா பசி தெரியாதுய்யா."

பசி தெரியாமல் இருப்பதற்காக ஒரு தலைமுறையே வாயில் போட்டு அடக்கிக் கொண்டது இது. குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

லியோன் பட்டியலில் 2ஏ பிரிவுக்கும் மேலே 1ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயம் என்றால்தான் அதில் வைப்பார்கள். புகையிலையோடு போடும் வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985லேயே சொல்லிவிட்டார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் கொட்டைப்பாக்கே உண்டாக்கும் என்று 2004ல் வெளியான அறிக்கை சொன்னது. சிகரெட்டும் மதுவும் இருப்பதும் அந்த 1ஆம் பிரிவில்தான். இங்கே சாட்சியும் உறுதி, எடையும் பெரிது. தினம் ஐந்தாறு தடவை, நாற்பது வருஷம், ஒரே கன்னத்தில் அதக்கி வைக்கிறோமே!

மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், அதிலும் இந்தியப் பெண்களிடம் அதிகம். இது வேறு யாரோ அல்ல, நம் ஆத்தாக்கள், நம் அக்காமார்கள். அதனால்தான் 1997லிருந்து சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு தோட்டங்களைத் தேடி வந்து வாயைச் சோதிக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது.

இந்த நோய் சொல்லாமல் வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ படரும். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண் வரும். காரம் பட்டால், சூடு பட்டால் எரியும். வாய் முன்போலத் திறக்காது. இவையெல்லாம் புற்றுநோயே என்று நினைத்துவிடக் கூடாது. பல சமயம் அதற்கு முந்திய நிலைதான். அந்த நிலையில் கண்டுபிடித்தால் சிறிய வைத்தியத்தோடு தப்பிக்கலாம். பயந்து மூடி வைத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி, தாடை அறுவை என்று போகும். அரசாங்கப் பல் கிளினிக்கில் வாயைத் திறந்து காட்டினால் போதும்.

"சூடா குடிச்சா எரியுதுன்னீங்களே, எத்தனை நாளா?" என்று கேட்டோம்.

அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து போய் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். பிறகு மெல்ல, "தீவாளிக்கு முந்தியே இருக்குய்யா. இடது பக்கம் வெள்ளையா ஒண்ணு இருக்கு. புள்ளைங்ககிட்ட சொல்லல. பயந்துக்கும்" என்றார்.

பவுடருக்காக மகள் பயந்து செய்தி அனுப்புகிறாள். வாயில் உள்ளதைச் சொன்னால் மகள் பயப்படுவாள் என்று தாய் மறைக்கிறார். அன்பில் குறை இல்லை; எடை போடுவதில்தான் குறை.

அந்த மகளின் எண்ணை வாங்கி அங்கேயே கூப்பிட்டுப் பேசினோம். முதலில் அழுதது. பிறகு, "வர்ற வெள்ளிக்கிழமை லீவு போட்டு வந்து நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னது. இதை எழுதும் இன்று புதன்கிழமை. கிளினிக்கில் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது அந்த அம்மாளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நல்ல சேதியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக் கொள்கிறோம்.

பாட்டாளிப் பெருமக்களே! உங்கள் வீட்டிலும் ஒரு சுருக்குப் பை இருக்கும். அதை வைத்திருப்பவர் உங்கள் தாயாராகவோ பாட்டியாகவோ இருக்கலாம். இன்று மாலை விளக்கு வைத்த பிறகு, "எங்கே, வாயைத் திறங்க, பார்ப்போம்" என்று கேளுங்கள். வெட்கப்படுவார், திட்டுவார். பரவாயில்லை. கையில் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக் கொள்ளுங்கள்.